மறியல்: வீதியில் இருப்பதா, உள்ளே இருப்பதா?

மதுரையில் இருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். திருகோணமலைத் திருட்டு வழக்கு ஒன்றைப் பற்றிய செய்தியில், "சந்தேகநபரை 14 நாட்கள் விளக்கமறியலில் வைக்குமாறு நீதவான் உத்தரவிட்டார்" என்று வாசித்தாராம். "எங்கள் ஊரில் மறியல் செய்தால் பிடித்துக்கொண்டு போவார்கள். உங்கள் ஊரில் பிடித்துக்கொண்டு போய் மறியல் செய்ய வைக்கிறார்களா? இது தண்டனையா, வேறு ஏதுமா? இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?" என்பது கேள்வி.

சிரித்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். திருகோணமலையில் நீதிமன்ற உரைபெயர்ப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். வேலையில் இருந்த காலத்தில் அதிகம் உச்சரித்த சொற்களைக் கணக்கெடுத்தால் முதலிடம் இதற்குத்தான் கிடைக்கும். இவ்வளவு நாளும் இதை ஒருவர் பகிடியாகக் கேட்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

முதலில் கேள்விக்கு நேரான பதில். விளக்கமறியல் தண்டனை அல்ல. வழக்கு முடியும்வரை, அல்லது பிணை கிடைக்கும்வரை, சந்தேகநபரை வெளியே விடாமல் வைத்திருப்பதுதான் அது. தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் "நீதிமன்றக் காவல்" என்று எழுதுவது இதைத்தான்.

இதில் "விளக்கம்" என்ற முதற்பாதி பலரை வழிதவற வைக்கிறது. கொழும்பில் படித்த ஒரு பையன், "விளக்கம் கேட்பதற்காக வைக்கும் மறியல்" என்று எனக்கே பொருள் சொல்லித் தந்தான். பாதி சரி. இலங்கைச் சட்டத் தமிழில் விளக்கம் என்றால் வழக்கு விசாரணை. "வழக்கு விளக்கத்துக்கு எடுக்கப்பட்டது" என்பார்கள். "வழக்கை விளங்கிய நீதவான்" என்றால் வழக்கைப் புரிந்துகொண்ட நீதவான் என்று எண்ண வேண்டாம் (புரிந்துகொண்டவராகவும் இருக்கலாம்). விசாரித்த நீதவான் என்றுதான் பொருள். மூன்று நீதிபதிகள் கூடி இருந்து, யூரர் (நீங்கள் ஜூரி என்பவர்கள்) இல்லாமல் விசாரிப்பதை "நீதாய விளக்கம்" என்கிறோம். ஆக, விளக்கமறியல் என்பது விளக்கத்தை முன்னிட்டு மறித்து வைத்தல்.

இனி மறியல். அவி என்பதிலிருந்து அவியல், பொரி என்பதிலிருந்து பொரியல் வந்தது போல மறி என்பதிலிருந்து வந்தது. மறி என்றால் தடு, குறுக்கே நில், போகவிடாதே. வீதியை மறித்தாலும் ஆளை மறித்தாலும் வினை ஒன்றுதான். தமிழ்நாட்டில் அந்த வினையைச் செய்பவர்கள் பொதுமக்கள். எங்கள் நாட்டில் அதைச் செய்வது அரசாங்கம். வேறுபாடு அவ்வளவுதான் என்று நான் நண்பர்களிடம் சொல்வதுண்டு.

மறி என்பது இங்கே நீதிமன்றத்தை விட வயலில் அதிகம் புழங்கும் சொல். தம்பலகாமத்தில் கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் வாய்க்காலில் வரும் நாளில் போய்ப் பாருங்கள். ஒருவர் முழங்கால் சேற்றில் நின்று, மண்வெட்டியால் இரண்டு கொத்து மண் எடுத்து வாய்க்காலின் குறுக்கே அப்பி, அதன்மேல் காலால் மிதிப்பார். தண்ணீர் ஒரு கணம் தயங்கும், சுழலும், பிறகு பக்கத்து வரம்பு வாயால் வயலுக்குள் திரும்பும். "மறித்தாயிற்று" என்பார். தண்ணீருக்கு அவர் தண்டனை கொடுக்கவில்லை. அது எங்கேயும் ஓடிவிடாமல் வைத்திருக்கிறார். வேலை முடிந்ததும் அதே மண்வெட்டியால் திறந்துவிடுவார். விளக்கமறியலைச் சட்டம் எப்படி நினைக்கிறதோ, அது இதுதான்.

சிறை என்ற சொல்லும் இதே தண்ணீர்க் குடும்பம் என்பது இன்னும் சுவையானது. மதுரைக்காரருக்கு மதுரைக்காஞ்சியையே காட்டுகிறேன். அங்கே "வருபுனல் கற்சிறை கடுப்ப" என்று ஓர் அடி வருகிறது. பாய்ந்துவரும் வெள்ளத்தைக் கல்லணை தடுப்பது போலப் பகைவரைத் தடுத்த மறவர்களைப் பற்றிய பேச்சு. கற்சிறை என்றால் கல்லால் கட்டிய அணை. ஆக, சிறையும் மறியலும் அடிப்படையில் ஒரே படத்தைத்தான் காட்டுகின்றன: ஓடுவது ஒன்று, குறுக்கே நிற்பது ஒன்று.

மறிக்கு வேறொரு பொருளும் உண்டு: திரும்புதல். அலை புரண்டு திரும்பும் கடல் மறிகடல். "மறித்தும்" என்று பழைய உரைகளில் வந்தால் "திரும்பவும்" என்று பொருள். நீதவான் வாயிலிருந்து வருவது பெரும்பாலும் "ரிமாண்ட்" என்ற ஆங்கிலச் சொல்தான். அதன் இலத்தீன் வேருக்குப் பொருள் "திருப்பி அனுப்பு" என்பது. மன்றுக்குக் கொண்டுவந்தவனை மன்று ஏற்றுக்கொள்ளாமல் காவலுக்கே திருப்பி அனுப்புகிறது. யாரும் திட்டமிட்டு இப்படிப் பொருத்தினார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ரிமாண்டுக்குத் தமிழில் இதைவிடப் பொருத்தமான சொல்லைத் தேடினாலும் கிடைத்திருக்காது. சிங்களத்தில் அதை "ரக்ஷித பந்தனாகார" என்ற நீண்ட வடமொழித் தொடரால் சொல்கிறார்கள். ஆனால் சிங்களத்தில் வீதியில் நின்று பேசுபவர் சொல்வது "ஹிரகெதர". கெதர என்றால் வீடு. எங்கள் கிழவிமார் சொல்லும் "மறியல் வீடு" அதற்கு அச்சொட்டான இரட்டை.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. மறி என்றால் மான்குட்டி, ஆட்டுக்குட்டி. பிணை என்றால் பெண்மான். தொல்காப்பிய மரபியலிலேயே இரண்டும் உண்டு. நீங்கள் ஜாமீன் என்பதை நாங்கள் பிணை என்கிறோம் அல்லவா? அது பிணைத்தல், கட்டுதல் என்ற வேறு வழியில் வந்தது. மானுக்கும் அதற்கும் உறவு சொல்ல நான் முயலவில்லை. ஆனால் திருகோணமலையில் பிரட்றிக் கோட்டை வாசலில் புள்ளிமான்கள் ஆட்களுக்குப் பயமில்லாமல் படுத்திருப்பதைக் கண்டவர்களுக்குத் தெரியும், இந்த ஊரில் பிணையும் மறியும் நீதிமன்றத்துக்கு வெளியே எவ்வளவு நிம்மதியாக இருக்கின்றன என்று. வேலை முடிந்து கடற்கரைப் பக்கமாக நடக்கும்போது நான் தனியாகச் சிரித்த நாட்கள் உண்டு.

சரி, ஆளை மறிப்பது எப்போது சட்டக் காரியமானது? 13 ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ ஒரு வழக்கத்தை எழுதிவைத்திருக்கிறார். கடன் கொடுத்தவன் கடனாளியைச் சுற்றித் தரையில் ஒரு வட்டம் கீறிவிடுவான். கடனைத் தீர்க்காமல், அல்லது தீர்ப்பதற்கு உறுதி சொல்லாமல், அவன் வட்டத்தைத் தாண்டக்கூடாது. தாண்டினால் அது பெருங்குற்றம். அரசனே ஒருமுறை ஒரு வணிகனுடைய வட்டத்துக்குள் குதிரையோடு நின்று கடனைத் தீர்த்துவிட்டுத்தான் நகர்ந்தான் என்கிறார். சுவர் இல்லை, பூட்டு இல்லை, காவலாள் இல்லை. தரையில் கீறிய ஒரு கோடு மட்டும். உங்கள் மறியலும் எங்கள் மறியலும் பிரிவதற்கு முன் இருந்த இடம் அந்த வட்டம் என்றுதான் எனக்குப் படுகிறது. உரிமையைக் கேட்டுக் குறுக்கே நிற்பவனும் அதில் இருக்கிறான், தீர்க்கும்வரை நகர முடியாதவனும் இருக்கிறான்.

சுவரில்லாத மறியலுக்கு எங்கள் மாவட்டத்திலேயே ஒரு பெரிய உதாரணம் உண்டு. 1659 நவம்பரில் புயலில் பாய்மரம் முறிந்த ஆங்கிலக் கப்பல் ஒன்று கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. பழுதுபார்த்துக் கொண்டிருந்த போது, 1660 இல், கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் கப்பல் தலைவரையும் அவரோடு கரையிறங்கியவர்களையும் பிடித்துக்கொண்டு போனார்கள். தலைவரின் மகன் றொபேட் நொக்ஸுக்கு அப்போது 19 வயது. குற்றச்சாட்டு இல்லை, விளக்கம் இல்லை, தீர்ப்பும் இல்லை. தகப்பன் அங்கேயே காய்ச்சலில் இறந்தார். மகன் கண்டி இராச்சியக் கிராமங்களில் தொப்பி பின்னி விற்று, நெல்லை வட்டிக்குக் கொடுத்து, 19 வருடத்துக்கு மேல் சீவித்தார். அவரை யாரும் அறையில் பூட்டவில்லை. நாட்டை விட்டுப் போக விடவில்லை, அவ்வளவுதான். 1679 இல் காட்டு வழியே தப்பி மன்னார்க் கரையில் அரிப்புக் கோட்டையில் இருந்த ஒல்லாந்தரிடம் போய்ச் சேர்ந்தார். மூதூரில் அவர் பிடிபட்டதாகச் சொல்லப்படும் இடத்தில் ஒரு நினைவுக்கல் உண்டு. நின்ற புளியமரம் 1964 புயலோடு போய்விட்டது. சிறை என்ற சொல் அவருடைய கதைக்குப் பொருந்தாது. மறியல் என்ற சொல் சட்டை அளவெடுத்தது போலப் பொருந்துகிறது.

தமிழ்நாட்டில் இந்தச் சொல் வேறு பக்கம் திரும்பியதற்குக் காரணம் உங்களுக்கே தெரிந்திருக்கும். 1921 இல் ஈரோட்டுக் கள்ளுக்கடை மறியல், 1938 இல் இந்தி எதிர்ப்பு மறியல் என்று அரசியல் அதை எடுத்துக்கொண்டது. அங்கே கடை வாசலை மறித்தவர்களைக் கொண்டுபோய் வைத்த இடத்துக்குச் சிறை, ஜெயில், காவல் என்று வேறு பெயர்கள் தாராளமாக இருந்தன. இங்கே மறியல் ஏற்கெனவே அந்த இடத்துக்கே பெயராகிவிட்டிருந்தது.

இரண்டு பொருளும் ஒன்றையொன்று சந்தித்த வருடம் 1961 என்பேன். பெப்ரவரி 20 ஆம் திகதி யாழ்ப்பாணக் கச்சேரி (பாட்டுக் கச்சேரி அல்ல, மாவட்ட அரச அலுவலகம்) வாசலில் தமிழரசுக் கட்சி சத்தியாக்கிரகம் தொடங்கியது. திருகோணமலைக் கச்சேரிக்கும் அது பரவியது. வாசலை மறித்து உட்கார்ந்தார்கள். உத்தியோகத்தர் உள்ளே போக முடியவில்லை. ஏப்ரல் 17 ஆம் திகதி அவசரகால நிலை வந்தது. தலைவர்களைப் பிடித்துப் பனாகொடை இராணுவ முகாமில் மாதக்கணக்கில் வைத்தார்கள். மதுரைத் தமிழில் மறியல் செய்து, திருகோணமலைத் தமிழில் மறியலுக்குப் போனார்கள்.

அந்தப் பனாகொடைக் காவலைச் சட்டப்படி விளக்கமறியல் என்று சொல்ல முடியாது. இதை இங்கே பிரித்துச் சொல்லவேண்டும், ஏனெனில் எங்கள் செய்தியாளர்களே சிலவேளை குழப்பிவிடுகிறார்கள். நீதவான் உத்தரவில் இருப்பது விளக்கமறியல். பிடியாணை இல்லாமல் பிடித்தவரைச் சாதாரண சட்டப்படி 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் கொண்டுவர வேண்டும். உள்ளே வைத்தால் பெரும்பாலும் 14 நாட்களுக்கு ஒருமுறை மீண்டும் முற்படுத்துவார்கள். அமைச்சரின் உத்தரவில் இருப்பது தடுப்புக்காவல். 1979 இன் 48 ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம் அதை மூன்று மூன்று மாதமாக 18 மாதம் வரை நீட்ட இடம் கொடுத்தது; 2022 இல் வந்த திருத்தம் அதை 12 மாதமாக்கியது. தடு என்பதும் மறி என்பதும் அகராதியில் அண்ணன் தம்பி. எங்கள் வீடுகளில் அப்படி இல்லை. "மறியலில் இருக்கிறான்" என்றால் அடுத்த தவணை, அதாவது வழக்குத் திகதி, எப்போது என்று கேட்பார்கள். "தடுப்பில் இருக்கிறான்" என்றால் யாரும் திகதி கேட்பதில்லை.

தண்டனையா என்ற கேள்விக்குத் திரும்புகிறேன். 1883 இன் 2 ஆம் இலக்கத் தண்டனைச் சட்டக்கோவை, 52 ஆம் பிரிவில் தண்டனைகளை எண்ணிச் சொல்கிறது: மரணம், கடூழியச் சிறை, சாதாரண சிறை, கசையடி, சொத்துப் பறிமுதல், குற்றப்பணம். கசையடி 2005 இல் ஒழிக்கப்பட்டது. இந்த வரிசையில் விளக்கமறியல் இல்லை. 1978 அரசியலமைப்பின் 13 ஆம் உறுப்புரை இன்னும் வெளிப்படையாகப் பேசுகிறது. புலனாய்வோ விளக்கமோ முடியும்வரை ஒருவரைக் கட்டுக்காவலில் வைத்திருப்பது தண்டனையாகாது என்று அதன் நான்காம் பந்தி சொல்கிறது. குற்றம் எண்பிக்கப்படும்வரை அவர் சுத்தவாளி என்று ஐந்தாம் பந்தி சொல்கிறது. 1997 இன் பிணைச் சட்டமும், பிணை கொடுப்பதுதான் வழமை, மறுப்பதுதான் விதிவிலக்கு என்றே தொடங்குகிறது. விளக்கமறியலில் இருப்பவர் சொந்த உடுப்பு உடுத்தலாம், வீட்டுச் சாப்பாடு எடுக்கலாம். தண்டனைக் கைதிக்கு இரண்டும் இல்லை.

எழுத்தில் எல்லாம் சரிதான். மூதூரில் இருந்து வந்த ஒரு தாயை நான் மறக்கவில்லை. கையில் நீலப் பொலித்தீன் பை. அதற்குள் ஒரு சாரம், ஒரு சவர்க்காரம், வாழையிலையில் கட்டிய சோறு. மகனுக்குப் பிணை மறுக்கப்பட்டதை நான்தான் தமிழில் அறிவித்திருந்தேன். மதிய இடைவேளையில் விறாந்தையில் மறித்துக்கொண்டார் (பாருங்கள், இங்கேயும் அதே சொல்).

"ஐயா, பிள்ளையை மறியலுக்குப் போட்டுவிட்டார்களா?"

"இது விளக்கமறியல் அம்மா. தண்டனை இல்லை. இரண்டு கிழமையில் திரும்பக் கொண்டுவருவார்கள்."

"எதுவாக இருந்தால் என்ன ஐயா, மறியல் மறியல்தானே. தங்கச்சியைக் கேட்டு வந்தவர்களுக்கு நான் என்ன சொல்ல?"

அரசியலமைப்பின் நான்காம் பந்தியை அவருக்கு எந்தத் தமிழில் பெயர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. சோறு ஆறுவதற்கு முன் கொடுத்துவிடுங்கள் என்று மட்டும் சொல்லி, சிறைக்காவலர் நின்ற பக்கத்தைக் காட்டினேன்.

சட்டத்தில் "விளக்க" என்ற முன்னொட்டுத்தான் ஒருவனைச் சுத்தவாளியாக வைத்திருக்கிறது. ஊர்வாய் அந்த முன்னொட்டை உதிர்த்துவிட்டு மிச்சத்தை மட்டும் வைத்துக்கொள்கிறது. "மறியலுக்குப் போய் வந்தவன்" என்றால் அவன் ஆறு நாள் இருந்தானா, ஆறு வருடம் இருந்தானா, வழக்கில் விடுதலையானானா என்று யாரும் விசாரிப்பதில்லை. இலங்கைச் சிறைகளில் தண்டனை பெற்றவர்களை விட விளக்கமறியலில் இருப்பவர்களே அதிகம் என்பதை நினைத்தால், எத்தனை சுத்தவாளிகளுடைய பெயரில் இந்தச் சொல் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சிறைக்கு அந்த இழுக்கு இல்லை. கணைக்கால் இரும்பொறை தண்ணீருக்குக் கெஞ்ச மனமில்லாமல் புறநானூற்றுப் பாட்டைச் சொல்லிவிட்டு உயிர்விட்டது சிறையில். மணிமேகலை அறக்கோட்டமாக்கியது சிறைக்கோட்டத்தை. அரசியல்வாதி சிறை செல்கிறார். கோழி திருடியவன் மறியலுக்குப் போகிறான். 1983 ஜூலையில் வெலிக்கடையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டதைச் சிறைப் படுகொலை என்கிறோம். அதே வருடம் செப்டெம்பரில் மட்டக்களப்பில் நடந்தது சிறையுடைப்பு. அவற்றில் மறியல் என்ற சொல்லை ஒருவரும் போட்டதில்லை. போட்டால் காதுக்குப் பிழையாகக் கேட்கும். ஒரே கட்டடம்தான். உள்ளே போனவரை நாம் என்ன நினைக்கிறோம் என்பதைப் பொறுத்து வாசலில் பெயர்ப்பலகை மாறுகிறது.

மேலே கடூழியச் சிறை என்று வந்ததே, அதுவும் உங்கள் ஊரில் இல்லாத சொல். நீங்கள் கடுங்காவல் என்பீர்கள். கடு, ஊழியம் இரண்டும் சேர்ந்தது கடூழியம். ஒல்லாந்தர் காலத்து யாழ்ப்பாணத்தில் ஊழியம் என்பது கூலியில்லாக் கட்டாய வேலைக்குப் பெயர். இன்னார் வருடத்தில் இத்தனை நாள் வேலை செய்யவேண்டும், இல்லையேல் காசு கட்டவேண்டும். அதன் மிச்சம்தான் வேலையோடு கூடிய சிறைக்குப் பெயராய் நிற்கிறது. அதே ஊழியம் தேவாலயத்தில் இறைபணி, திணைக்களத்தில் உத்தியோகம். அரச ஊழியனாகவே காலத்தைக் கழித்தவன் சொல்கிறேன், கடூழியத்துக்கும் எங்கள் ஊழியத்துக்கும் இடையில் இரண்டு எழுத்துத்தான் வித்தியாசம்.

காவல் என்ற சொல்லையும் நாங்கள் இப்படியே வேறாக வைத்திருக்கிறோம். உங்களுக்குக் காவல் நிலையம், நீதிமன்றக் காவல், கடுங்காவல் எல்லாவற்றுக்கும் ஒரே சொல். எங்களுக்குப் பொலிஸ் நிலையம் பொலிஸ் நிலையமேதான். காவல் என்று தனியாகச் சொன்னால் தம்பலகாமத்துக்காரருக்கு முதலில் நினைவு வருவது, யானை வயலுக்குள் இறங்காமல் இரவு முழுக்கப் பரணில் விழித்திருப்பது.

ஆகவே, எங்கள் செய்தியை உங்கள் ஊர் வாசகருக்காகத் திருப்பி எழுதுவதானால் விளக்கமறியலை "நீதிமன்றக் காவல்" என்று மாற்றிக்கொள்ளுங்கள், பிழையில்லை. சந்தேகநபரைச் சந்தேகநபராகவே விடுங்கள். பின்னாளில் வழக்குத் தாக்கலானபின் அவரையே "எதிரி" என்று எழுதுவோம். அதைக் கண்டு பகைவர் என்று நினைத்துவிட வேண்டாம், குற்றம் சாட்டப்பட்டவர் என்று பொருள். பதினான்கு நாள் மறியல் என்று மட்டும் சுருக்கித் தலைப்புப் போட்டுவிடாதீர்கள். எந்தச் சாலையில், பஸ் மாற்றுப் பாதையில் போகுமா என்று கேட்டு உங்களுக்குத்தான் தொலைபேசி அடிக்கும்.